கை தூக்கியவர்கள்

“ஊரே என்னைத் திட்டித் தீர்த்துடுச்சு. அவ ஒருத்தி மட்டும் திட்டல. அதைத்தாம்மா என்னால தாங்க முடியல” என்றார் தணிகாசலம்.

அம்மையார் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யாருங்க நீங்க?”

தணிகாசலம் சொன்னார். இருபது வருடம் பள்ளிக்கூட வாத்தியார். பிறகு ஊராட்சித் தலைவர். பிறகு ஒன்றியத் தலைவர். அதற்கும் பிறகு எம்.எல்.ஏ.

“இப்ப?”

“இப்ப ஒண்ணுமில்லைங்கம்மா.”

“அப்ப உட்காரலாம்.”

அம்மையார் கை காட்டிய இடம் முற்றத்தின் கடைசியில், மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் இருந்தது.

தணிகாசலம் அதைக் கவனிக்காதவர்போல முன்னால் வந்து, முறத்துக்கு எதிரில் உட்கார்ந்தார். மேடையில் உட்கார்ந்து பழகிய உடம்பு. பின்னால் போகச் சொன்னால் போகத் தெரியாது.

*

குன்றின் அடிவாரத்தில் ஓடு வேய்ந்த ஒரு கட்டடம், ஒரு வேப்பமரம், ஒரு மாடு. அம்மையாரின் மடம் அவ்வளவுதான்.

அம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கும். தணிகாசலத்தைவிட நன்றாகவே சின்னவர். இங்கே வருவதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், “சமைச்சேன்” என்பார். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாலும் அதே பதில்தான்.

தணிகாசலத்தின் கதையை அவர் கேட்கவில்லை. தணிகாசலமே சொன்னார். அரிசி முழுக்கப் பொறுக்கி முடிகிறவரை சொன்னார்.

*

வகுப்பில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பாடத்தை முடித்துவிட்டு “புரிஞ்சுதா?” என்பார். பிள்ளைகள் ராகம் போட்டு “புரிஞ்சுதுங்க சார்” என்பார்கள். அந்த ராகம் காதில் விழுந்தால்தான் அவருக்கு மத்தியானச் சோறு இறங்கும்.

நடுவில் எந்தப் பிள்ளையாவது எழுந்தால், உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அமுக்கிக் காட்டுவார்.

உட்காரு. சந்தேகத்தைக் கடைசியில் கேளு.

கடைசியில் மணி அடித்துவிடும்.

நல்ல வாத்தியார். அடிக்கமாட்டார். தன் பணத்தில் சிலேட்டு வாங்கிக் கொடுப்பார். அதனால்தான் ஊர்க்காரர்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்று, நீங்களே தலைவருக்கு நில்லுங்கள் என்றார்கள். வேலையை விட்டுவிட்டு நின்றார். ஜெயித்தார்.

ஒரு பைசா தொடவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களே டீக்கடையில் அதைச் சொல்லி வருத்தப்படுவார்கள். தெருவிளக்கு எரிந்தது. தொட்டியில் தண்ணீர் ஏறியது. மெயின் ரோட்டோடு போய்க்கொண்டிருந்த பேருந்து ஊருக்குள் வந்து திரும்பியது.

கிராம சபைக் கூட்டத்தையும் அவர் வகுப்பைப்போலத்தான் நடத்தினார். விஷயத்தைச் சொல்வார். “சம்மதமா?” என்பார். ஊர் மொத்தமும் “சம்மதங்க சார்” என்று ராகம் போடும். பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்தானே.

*

ஏரிக்கரைமேல் குடிசை போட்டிருந்தவர்களுக்குக் கான்கிரீட் வீடு கட்டித் தரும் திட்டம் வந்தது. பணம் இருந்தது. இடம் இல்லை.

மதகுக்குத் தெற்கே ஒரு புறம்போக்கு கிடந்தது. பள்ளம். மண் அடித்து மேடாக்கிக்கொள்ளலாம் என்று பொறியாளர் சொன்னார். ஏரி நிரம்பிப் பல வருடம் ஆகியிருந்தது. இனிமேலும் நிரம்பாது என்று எல்லாரும் நினைத்தார்கள். தணிகாசலமும் நினைத்தார்.

அக்டோபர் இரண்டாம் தேதி, பள்ளிக்கூட மைதானத்தில் கிராம சபை. மைக் செட்காரர் மைக்கைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

எனக்கெதுக்குய்யா மைக் என்று தணிகாசலம் அதைத் தள்ளி வைத்தார். இருபது வருடம் குரலாலேயே வகுப்பைக் கட்டி ஆண்டவர். மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குக் கொஞ்சம் இளப்பம்.

முன்னால் அதிகாரிகள். அவர்களுக்குப் பின்னால் ஊர்ப் பெரியவர்கள். அப்புறம் ஊர்க்காரர்கள். கரைமேல் குடியிருந்தவர்கள் கடைசியில், சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அங்கே உட்காரும்படி யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எப்போதும் அப்படித்தான்.

தணிகாசலம் பேசினார். சம்மதம் என்றால் கை தூக்குங்கள் என்றார்.

முன்னால் கைகள் எழுந்தன. நடுவில் எழுந்தன. கடைசியிலும் எழுந்தன.

அந்த நேரத்தில் கடைசி வரிசையில் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு எழுந்து நின்றாள். பவுனம்மா. ஐந்தாம் வகுப்பில் அவரிடம் படித்தவள்.

தணிகாசலம் உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அமுக்கிக் காட்டினார். “உட்காரும்மா. கடைசியில கேட்டுக்கலாம்.”

அவள் உட்கார்ந்தாள். கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் காராபூந்தியும் டீயும் கொடுத்தார்கள். அவர் மறந்துவிட்டார்.

*

வீடுகள் வரிசையாக எழுந்தன. மஞ்சள் பூச்சு, பச்சை ஜன்னல். மந்திரி வந்து திறந்துவைத்தார். அந்தப் படத்தைப் போட்டுத்தான் தணிகாசலம் ஒன்றியத் தலைவரானார். அதே படத்தைப் பெரிதாகப் போட்டு எம்.எல்.ஏ. ஆனார்.

அவருக்கு விழுந்த பொன்னாடைகளைக் கிழித்து அவர் மனைவி எல்லா ஜன்னலுக்கும் திரை தைத்தார். மிச்சத்தில் தலையணை உறை தைத்தார். அப்படியும் மிஞ்சியது. அந்தத் துணியில் தலை வைத்தால் தூக்கம் வராது, வேர்க்கும் என்று சொல்லிவிட்டு மிஞ்சியதைப் பரணில் போட்டார்.

ஒரு ஐப்பசியில் ஏரி நிரம்பியது.

தணிகாசலம் சென்னையில் இருந்தார். சட்டமன்றக் கூட்டத்தொடர். அன்று அவர் பேசிய பேச்சு நன்றாக இருந்தது என்று பலபேர் கை கொடுத்தார்கள். கை கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் போன் வந்தது.

மதகுப் பக்கம் கரை உடைந்திருந்தது. தண்ணீர் வழி தேடிக்கொண்டு போக வேண்டியதே இல்லை. எதிரிலேயே பள்ளம் இருந்தது. அடித்த மண் எப்போதோ அமுங்கிவிட்டது.

பவுனம்மாவின் மகள் பூவரசி விடிந்த பிறகு கிடைத்தாள். கருவேல முள்ளில் அவள் பாவாடை மாட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு இடுப்பில் இருந்த கைக்குழந்தை அவள்தான்.

*

தணிகாசலம் ஓடிவந்தார். செருப்பு வந்து விழுந்தது. வாங்கிக்கொண்டார். மண்ணை வாரித் தூற்றினார்கள். நின்றார். அவருக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாக நடந்த கிழவர் ஒருவர் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். சட்டை கிழிந்தது.

பவுனம்மா மட்டும் அவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த தேர்தலில் கட்சி வேறு ஆளை நிறுத்தியது. இவரும் கேட்கவில்லை.

மாதம் தவறாமல் பவுனம்மா வீட்டுக்குப் போவார். ரோட்டோரத்தில் தகரம் போட்ட வீடு. அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போடுவாள். அவர் உட்கார்ந்து, என்னை மன்னிச்சுடும்மா என்று தொடங்குவார். பொறியாளர் சொன்னதைச் சொல்வார். அரசாணையைச் சொல்வார். ஏரி நிரம்பாத வருடங்களைச் சொல்வார். சொல்லச் சொல்ல அவர் குரல் உயர்ந்துகொண்டே போகும். ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவள் பாத்திரம் துலக்குவாள். அரிசி களைவாள். கஞ்சி வடிப்பாள். அவர் முடித்துவிட்டு எழுந்தால் நாற்காலியை எடுத்து உள்ளே வைப்பாள்.

ஒரு வார்த்தை கிடையாது.

*

“ஒரே ஒரு வார்த்தை திட்டட்டும்மா. போடான்னு சொல்லட்டும். அது போதும், நான் நிம்மதியாக் கண்ணை மூடிடுவேன். அவ வாயத் திறக்க நான் என்ன செய்யணும்?” என்று தணிகாசலம் கேட்டார்.

அம்மையார் முறத்தைத் தட்டி எழுந்தார். பொறுக்கிய கற்களைத் தணிகாசலத்தின் உள்ளங்கையில் போட்டார்.

“சாயங்காலம் கூட்டம் இருக்கு. வந்து உட்காருங்க.”

“எங்கம்மா?”

“அப்பவே காட்டினேனே.”

*

மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். முனிரத்தினம். முன்பு லாரி ஓட்டியவர். இப்போது மடத்து மாட்டைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்குப் போக்கிடம் எதுவும் இல்லை.

அம்மையார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். பக்கத்து வீட்டில் பால் பொங்குகிற சத்தம் எவ்வளவு கேட்குமோ, அவ்வளவு கேட்டது.

தணிகாசலம் காதுக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்தார்.

“புதுசா?” என்றார் முனிரத்தினம். “போகப் போகப் பழகிடும் சார். இங்க சாணி வாசனை மட்டும்தான் நல்லாக் கேக்கும்.”

முன்னால் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். “சரிங்கம்மா” என்றார்கள். நடுவில் இருந்தவர்களும் சொன்னார்கள். முனிரத்தினம் சொன்னார்.

சும்மா இருந்தால் மரியாதையாக இருக்காது என்று தணிகாசலமும் சொன்னார்.

“சரிங்கம்மா.”

*

நாட்கள் போயின.

தினமும் கூட்டம். தினமும் கடைசி இடம். தினமும் “சரிங்கம்மா”.

ஒருநாள் அவர் அம்மையாரிடம் போய், ஒரு மைக் செட் வாங்கிப் போட்டுவிடலாமே, என் தொகுதி நிதியிலிருந்து ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

“உங்களுக்கு ஏது தொகுதி?” என்றார் அம்மையார்.

தணிகாசலம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இன்னொரு நாள், முன்னால் வந்து உட்காரட்டுமா என்று கேட்டார். முன்னால் ஆள் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

பிறகு ஒருநாள் பொறுக்கமாட்டாமல், நான் கேட்டதற்கு எப்போது பதில் சொல்வீர்கள் என்றார்.

“தினமும் அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்” என்றார் அம்மையார். உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

*

அன்று தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கூட்டம் கொஞ்சம் குறைவு. இருந்தும் கடைசிக்கு எதுவும் கேட்கவில்லை.

அம்மையார் ஏதோ சொன்னார். முன்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கை தூக்கினார்கள்.

நடுவில் இருந்தவர்கள் தூக்கினார்கள்.

முனிரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு வருகிறேன் என்றார்.

தணிகாசலத்தின் உள்ளங்கை தானாகக் கவிழ்ந்து கீழே அமுக்கியது.

“உட்காருங்க. நடுவில எழுந்து போனா நல்லா இருக்காது. கடைசியில கேட்டுக்கலாம்.”

முனிரத்தினம் உட்கார்ந்தார்.

இருவரும் கை தூக்கினார்கள்.

கடைசியில் சுண்டல் கொடுத்தார்கள். தாளித்த தேங்காய் வாசனை. கேட்க வேண்டியது இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

*

மறுநாள் காலையில் முனிரத்தினம் வேட்டியை விரித்து அதில் தன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மாடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றார் தணிகாசலம்.

“தெரியல சார்.”

“தெரியலைன்னா?”

“நான் இனிமே இங்க வேண்டாம், போயிடணும்னு நேத்து கூட்டத்துல முடிவாயிடுச்சாம். எல்லாரும் கை தூக்கிட்டாங்களாம்.” முனிரத்தினம் முடிச்சை இறுக்கினார். “நானும் தூக்கியிருக்கேன் சார். எங்க போய்ச் சொல்ல?”

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

*

தணிகாசலம் ஓடினார். அம்மையார் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“இது அநியாயம்மா. அந்த மனுசன் எங்க போவார்?”

“நீங்களும் கை தூக்குனீங்களே, வாத்தியாரே.”

“எனக்குக் கேக்கவே இல்லம்மா.”

“கேக்காமயா தூக்குனீங்க?”

“முன்னாடி எல்லாரும் தூக்குனாங்க.”

“சரி. முனிரத்தினத்துக்கும் கேக்கலையா?”

“கேக்கல.”

“கேக்கலைன்னா எழுந்து வந்து கேட்டிருக்கலாமே. இங்க யாரும் அடிக்கமாட்டாங்களே.”

“எழுந்தார்மா” என்றார் தணிகாசலம். “அவர் எழுந்தார். நான்தான் உட்காருங்க, கடைசியில கேட்டுக்கலாம்னு…”

நிறுத்தினார்.

அவருடைய வலது கை இன்னும் காற்றில் கவிழ்ந்தபடி நின்றது. அதை அவர் பார்த்தார். யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார்.

அடுப்பில் தீ பிடித்துக்கொண்டது.

வெளியே மூட்டையோடு முனிரத்தினம் வந்து நின்றார். அம்மையார் எட்டிப் பார்த்தார்.

“மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?”

“இல்லைங்கம்மா.”

“அப்புறம் என்ன அங்க நிக்கிற?”

முனிரத்தினம் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வாளியை எடுத்தார்.

தணிகாசலம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி நடந்தார்.

*

பேருந்து நிறுத்தத்தில் ஒரு கார் வந்து நின்றது. கட்சியின் ஒன்றியச் செயலாளர் கஜபதி இறங்கினார். கையில் ஒரு பொன்னாடை. தணிகாசலத்தைத் தேடி மடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தாராம்.

தேர்தல் வருகிறது என்றார். போனமுறை நிறுத்திய ஆள் தொகுதிப் பக்கமே வருவதில்லை, ஜனங்களுக்குப் பழசெல்லாம் மறந்துவிட்டது, மேலிடத்தில் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறோம் என்றார்.

“எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க சார்.”

“எல்லாரும்னா யாரு?”

“எல்லாரும்தான் சார். தொகுதியே.”

“பவுனம்மா கேட்டாளா?”

கஜபதி யோசித்தார்.

“யாரு சார் பவுனம்மா?”

பேருந்து வந்தது. தணிகாசலம் ஏறிக்கொண்டார்.

*

பவுனம்மா தகர வீட்டு வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் நிலக்கடலைப் பருப்பு, ஒரு பக்கம் உடைத்துப் போட்ட ஓட்டுத் தொட்டி. கூலிக்கு உரிப்பது.

அவரைப் பார்த்ததும் எழுந்து போய் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். மறுபடி உட்கார்ந்து உரித்தாள்.

தணிகாசலம் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில், தொட்டிக் குவியலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். முட்டி மடங்க நேரமாயிற்று.

அவள் காத்திருந்தாள். மன்னிச்சுடும்மா என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தாள்.

அவர் பேசவில்லை.

ஒரு பிடி மல்லாட்டையை அள்ளி உரிக்கத் தொடங்கினார். சாக்பீஸ் பிடித்த விரல்களுக்கு அது சரியாக வரவில்லை. பருப்பு உடைந்தது. உடைந்ததைத் தனியாக வைத்தார். ரோட்டில் ஒரு டிராக்டர் போயிற்று. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போனார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளைகள் போய் முடிகிறவரை நிமிரவில்லை.

வெயில் வாசலை விட்டு இறங்கிய பிறகு அவர் கேட்டார்.

“அன்னைக்குக் கூட்டத்துல எழுந்தியேம்மா. என்ன சொல்றதுக்கு எழுந்த?”

பவுனம்மாவின் கை நின்றது.

போகச் சொல்லிவிடுவாள் என்று அவர் நினைத்தார்.

“ஒண்ணும் சொல்றதுக்கு எழுந்திரிக்கல சார்.”

வருடக்கணக்காகப் பேசாத குரல்போல இல்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுவதுபோல இருந்தது.

“பின்னாடி எங்களுக்கு எதுவும் காதுல விழல. என்ன சொன்னீங்கன்னு கேக்கத்தான் எழுந்தேன்.”

தணிகாசலம் உடைந்த பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க உட்காருன்னு கை காட்டுனீங்க. முன்னாடி எல்லாரும் கை தூக்கியிருந்தாங்க. கொழந்தைய இந்த இடுப்புக்கு மாத்திக்கிட்டு நானும் தூக்குனேன்.”

அவள் மடியில் கிடந்த தொட்டியைத் தட்டிவிட்டாள்.

“இப்பச் சொல்லுங்க சார்.”

“எதைம்மா?”

“அன்னைக்குச் சொன்னத.”

தணிகாசலம் வாயைத் திறந்தார். மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் போகும் என்று அவர் நம்பியிருந்த குரல், தொட்டிக் குவியலைத் தாண்டி வரவில்லை.

“கேக்கல சார்.”

மறுபடி சொன்னார்.

“கேக்கல சார்.”

தணிகாசலம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கரைமேல் இருக்கிற வீடுகளை எல்லாம் எடுத்துவிட்டு மதகுக்குத் தெற்கே புதிய வீடு கட்டித் தரப்போகிறோம் என்று சொன்னார். அது பள்ளம் என்று சொன்னார். அன்றைக்கு அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. ஏரி உடைந்தால் தண்ணீர் முதலில் அங்கேதான் வரும் என்று சொன்னார். அதையும் அன்றைக்குச் சொல்லவில்லை.

சொல்லி முடித்தார். கேட்கவேண்டிய கடைசி வார்த்தை மட்டும் மிச்சமிருந்தது. அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

“சம்மதமா?” என்றார்.

பவுனம்மா எழுந்தாள். சேலையை உதறிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்பில் பதில் சொல்ல எழுந்து நின்றதுபோல நேராக நின்று, கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“சம்மதமில்லைங்க சார்.”